குடலோடு நிற்பவை, ரத்தம் வரை போக வேண்டியவை

நாட்டு மருந்துக் கடையில் சர்க்கரைக்குப் பொடி கேட்டால் பெரும்பாலும் ஒரு கலவைதான் கைக்கு வரும். சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, ஆவாரம்பூ, வெந்தயம், பாகல், சீந்தில், மருதம்பட்டை, கடலழிஞ்சில் என்று கடைக்குக் கடை சேர்மானம் மாறும். காலையும் இரவும் ஒரு ஸ்பூன், வெந்நீரில். எது எத்தனை கிராம், அதற்குள் வேலை செய்கிற பொருள் எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் உறையில் இருக்காது. இதைச் சாப்பிட்டு மாத்திரையையே நிறுத்திவிட்டேன் என்பவரும் உண்டு; எல்லாம் ஏமாற்று என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிற டாக்டரும் உண்டு. இரண்டு பேரும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தச் செடியில் உள்ள பொருள் உடம்பில் எந்த இடத்தில் வேலை செய்தாக வேண்டும்?

சிறுகுடலுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும் பொருள் என்றால், வாயில் போட்டது அப்படியே வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. கணையத்தையோ கல்லீரலையோ சிறுநீரகத்தையோ தொட வேண்டிய பொருள் என்றால், குடல் சுவரைத் தாண்ட வேண்டும். கல்லீரல் அதை உடைத்துப் போடாமல் விட வேண்டும். மிச்சம் ரத்தத்தில் போதிய அளவில், போதிய நேரம் நிற்க வேண்டும். செடிப் பொருள்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பயணத்தில்தான் தொலைந்துபோகின்றன. எலிக்கு ஊசி மூலம் ஏற்றியபோது பிரமாதமாக வேலை செய்த ஒன்று, மனிதர் கஷாயமாகக் குடிக்கும்போது ஒன்றும் செய்யாமல் போவது இதனால்தான். இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு பொடிகளைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெந்தயத்திலிருந்து தொடங்கலாம். சமையலறையில் இருக்கிற பொருள்களில் மனிதரிடம் நடந்த ஆய்வு வலுவாக இருப்பது இதற்குத்தான். விதையில் கிட்டத்தட்ட பாதி நார்ச்சத்து. அதில் காலக்டோமன்னன் என்கிற கரையும் நார், தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று ஊறிப் பிசினாகிறது. அந்தப் பிசின் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. சிறுகுடலில் குளுக்கோஸ் சுவரை எட்டும் வேகத்தைக் குறைக்கிறது. ரத்தத்துக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. 4-ஹைட்ராக்சி ஐசோலூசின் என்கிற அமினோ அமிலமும் விதையில் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போது மட்டும் இன்சுலினைச் சுரக்கத் தூண்டுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். ஆனால் நாம் சாப்பிடும் அளவில் பாரத்தைச் சுமப்பது நார்தான்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1990 வாக்கில் ஆர்.டி. சர்மா குழு, கொழுப்பு நீக்கிய வெந்தய மாவை ரொட்டியில் கலந்து கொடுத்துச் சோதித்தது. ஒரு நாளைக்கு 25 கிராம் முதல் 100 கிராம் வரை. 2014இல் 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 17 மி.கி., சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது 39 மி.கி., மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 0.85 புள்ளி குறைந்திருந்தன. நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே கொடுத்த ஆய்வுகளில் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 140 பேரை ஹைதராபாத்தில் மூன்று ஆண்டு தொடர்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. தினமும் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன் 5 கிராம் வெந்தயப் பொடி எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், எடுக்காதவர்கள் நோய்க்குள் போகும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு.

அளவு என்று வந்தால்தான் வீட்டு வைத்தியம் சறுக்குகிறது. ஒரு டீஸ்பூன் வெந்தயம் சுமார் 4 கிராம். ராத்திரி அரை ஸ்பூன் ஊறவைத்து, காலையில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறவர் 2 கிராம் விதையிலிருந்து கசிந்த கொஞ்சம் பிசினைத்தான் குடிக்கிறார். விதையை மெல்லாமல் முழுங்குகிறவருக்கு, தோல் உடையாத விதைகள் பல அப்படியே வெளியே போகும். வெந்தய தோசையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்: நாலு கப் அரிசிக்கு ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்ட மாவில் ஒருவர் தட்டுக்கு வருவது அரை கிராம்கூட இருக்காது, அந்த தோசையிலுள்ள அரிசியோ கண்முன்னே இருக்கிறது.

செய்முறை இது. விதையைப் புடைத்துக் கல், தூசு நீக்கி, ஒரு நாள் வெயிலில் காயவைக்கவும். வெறும் வாணலியில் மணம் வரும்வரை மட்டும் சூடாக்கலாம். கறுக்கவிட்டால் கசப்பு நாக்கில் நிற்கும். மிக்சியில் நைசாக அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். ஈரம் பட்டால் கட்டிதட்டும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் தேவையான அளவை ஒரே முறையில் அரைக்க வேண்டாம். ஸ்பூனை நம்பாமல் சமையலறைத் தராசில் நிறுத்தி, முதல் வாரம் ஒரு வேளைக்கு 2 கிராம், அடுத்த வாரம் 3, பிறகு 5 என்று ஏற்றவும். ஒரு டம்ளர் மோரில், சுமார் 200 மில்லி, கட்டியில்லாமல் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் கெட்டிப்படும். சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். காய்ந்த பொடியை வாயில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவது கூடவே கூடாது. தொண்டையிலேயே ஊறி அடைக்கும்.

கெடுவது எங்கே? முதல் நாளே இரண்டு ஸ்பூன் போட்டால் வயிறு உப்பும், பேதியாகும். அதே பிசின் தைராய்டு மாத்திரையையும் மற்ற மாத்திரைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கும் வெந்தயத்துக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கர்ப்பிணிகள் சமையலில் சேர்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குடலோடு நிற்கும் இரண்டாவது கூட்டம், மாவுச்சத்தை உடைக்கிற நொதிகளைத் தடுப்பவை. சோறும் இட்லியும் கடைசியில் குளுக்கோஸாக உடைவது சிறுகுடல் சுவரில் ஒட்டியிருக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதிகளால். மல்பெரி இலையில் டிஆக்சிநோஜிரிமைசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. வடிவத்தில் குளுக்கோஸ் போலவே, வளையத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன். நொதி இதைப் பிடித்துக்கொண்டு, வெட்ட முடியாமல் மாட்டிக்கொள்கிறது. செடி இதைச் செய்து வைத்திருப்பது நமக்காக அல்ல, புழுக்களை விரட்ட. மற்ற புழுக்களுக்கு நஞ்சான இந்த இலையைத் தின்று பட்டுப்புழு மட்டும் கொழுக்கிறது.

ஜப்பானில் 2007இல் ஆரோக்கியமானவர்களிடம் செய்த சோதனையில், 50 கிராம் சர்க்கரைக்கு முன் இந்தப் பொருள் 12 மி.கி. உள்ள மல்பெரிப் பொடியைக் கொடுத்தபோது சர்க்கரை ஏற்றம் குறைந்தது, 6 மி.கி. போதவில்லை. அவர்கள் பயன்படுத்தியது 1.5 சதவீதம் வரை செறிவூட்டிய பொடி. கடையில் விற்கும் உலர்ந்த மல்பெரி இலையில் 0.1 சதவீதம் அளவில்தான் இருக்கும். அப்படியானால் 12 மி.கி.க்கு 12 கிராம் உலர்ந்த இலை வேண்டும். ஒரு டீ பேக்கில் இருப்பது 2 கிராம். கொழுந்து இலையில் இது கூடுதல், முற்றிய இலையில் குறைவு. ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மல்பெரித் தோட்டம் வைத்திருப்பவர்கள் நுனியிலிருந்து முதல் சில இலைகளை நிழலில் உலர்த்திக்கொள்வது இதனால்தான் பொருத்தம். இது தண்ணீரில் நன்றாகக் கரையும் பொருள், வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறினால் போதும். சாப்பாட்டோடு சேர்த்தோ சற்று முன்போ குடித்தால்தான் பயன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது வெறும் டீ. இந்தப் பொருளின் நைட்ரஜனில் ஒரு சிறு வால் சேர்த்துச் செய்ததுதான், அதே நொதியை அடைக்கும் மிக்லிடால் என்ற சர்க்கரை மாத்திரை.

கடலழிஞ்சிலும் இதே வேலையைச் செய்கிறது. பொன்குரண்டி என்றும் சொல்வார்கள். இலங்கையில் சிங்களவர்கள் கொத்தல ஹிம்புட்டு என்கிறார்கள். அங்கே இதன் மரத்தில் கடைந்த குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் பழக்கம் பழையது. 1997இல் கியோட்டோவைச் சேர்ந்த யோஷிகவா குழு இதிலிருந்து சலாசினாலைப் பிரித்தது. கந்தகம் சேர்ந்த விசித்திரமான சர்க்கரை உரு. சோதனைக் குழாயில், அதே நொதியை அடைக்கும் அகார்போஸ் மாத்திரைக்கு ஈடுகொடுக்கிறது. தண்ணீரில் கரையும் என்பதால் குவளை வைத்தியத்தில் வேதியியல் நியாயம் இருக்கிறது. இலங்கையில் 51 நோயாளிகளிடம், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் டீ என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், இந்த டீ குடித்த மூன்று மாதங்களில் ஹெச்பிஏ1சி குறைவாக இருந்தது. வித்தியாசம் பெரிதல்ல, அரைப் புள்ளிக்கும் கீழே. ஆனால் ஒழுங்காகச் செய்த சோதனை.

இந்தக் கூட்டத்துக்கு ஒரே பெரிய தொல்லை வாயு. உடையாத மாவு பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்து. ஏற்கெனவே வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவர் கடலழிஞ்சிலையும் சேர்த்தால் அதே நொதியை இரண்டு தடவை அடைக்கிறார். லாபம் அதிகமில்லை, வயிற்றுப் பொருமல் இரண்டு மடங்கு.

இனி ரத்தம் வரை போக வேண்டியவை. இங்கே செடி வென்ற கதைகள் இரண்டு உண்டு. இரண்டிலும் செடி அப்படியே வெல்லவில்லை.

ஆப்பிள் மர வேரின் பட்டையில் கசப்பாக ஒரு பொருள் இருப்பதை 1835இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வேதியியலர்கள் பிரித்தெடுத்தார்கள்: ஃப்ளோரிசின். சிங்கோனா போலக் கசக்கிறதே, காய்ச்சலுக்கு ஆகுமா என்று பார்த்தார்கள். 1886இல் ஜெர்மனியின் வான் மெரிங், இதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை கொட்டுகிறது என்று கண்டார். சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்தத் திரும்ப எடுக்கும் கதவுகளில் பெரியதன் பெயர் எஸ்ஜிஎல்டி2. ஃப்ளோரிசின் அதை அடைக்கிறது. அப்படியானால் ஆப்பிள் வேர்க் கஷாயம் குடித்தால் போதாதா? போதாது. ஃப்ளோரிசினில் குளுக்கோஸ் ஒரு ஆக்சிஜன் பாலத்தில் ஒட்டியிருக்கிறது. பால் சர்க்கரையைச் செரிக்கும் அதே குடல் நொதி இந்தப் பாலத்தை வெட்டிவிடும். வெட்டுப்படாத மிச்சமும் சரியாக உறிஞ்சப்படாது. போதாததற்கு, குடலில் குளுக்கோஸை உள்ளே எடுக்கும் எஸ்ஜிஎல்டி1 கதவையும் அது சேர்த்து அடைப்பதால் பேதியாகும்.

வேதியியலர்கள் அந்த ஆக்சிஜன் பாலத்தை எடுத்துவிட்டு, கார்பனோடு கார்பனை நேராக இணைத்தார்கள். குடல் நொதியால் வெட்ட முடியவில்லை. எஸ்ஜிஎல்டி2வை மட்டும் தேர்ந்து அடைக்கும்படியும் மற்ற பகுதிகளைத் திருத்தினார்கள். டாபாக்ளிஃப்ளோசின் 2012இல் ஐரோப்பாவிலும், கானாக்ளிஃப்ளோசின் 2013இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. 1835இலிருந்து எண்ணினால் 177 ஆண்டு. இந்தியாவில் டாபாக்ளிஃப்ளோசினுக்கான காப்புரிமை 2020இல் முடிந்து, பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி விலை மளமளவென்று இறங்கியது. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கும் இன்று இது முன்வரிசை மருந்து. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் கூடுவது என்று இதற்கும் தனித் தொல்லைகள் உண்டு.

இரண்டாவது கதை மெட்ஃபார்மினுடையது. ஐரோப்பாவில் வளரும் காலேகா என்ற பயறுக் குடும்பச் செடியில் காலேஜின் என்ற குவானிடின் வகைப் பொருள் இருக்கிறது. குவானிடின் முயலின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று வாடனாபே 1918இல் எழுதினார். காலேஜினை மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது, ஆனால் நஞ்சு. அந்தச் செடியை மேய்கிற ஆடுகள் செத்துப்போகும். தீவனமாகும் என்று 1891இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குக் கொண்டுபோன செடி, இன்று அந்நாட்டு அரசின் ஆபத்தான களைப் பட்டியலில் இருக்கிறது. அடுத்து வந்த சிந்தாலின் என்ற குவானிடின் வகை மருந்து கல்லீரலைக் கெடுத்தது. இரண்டு குவானிடின்களை இணைத்து, ஒரு முனையில் இரண்டு மீதைல் வைத்த மெட்ஃபார்மினை டப்ளினில் 1922இலேயே செய்திருந்தார்கள். அது முயலின் சர்க்கரையைக் குறைக்கிறது என்று 1929இல் தெரிந்தது. இன்சுலின் வந்துவிட்ட மகிழ்ச்சியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாரிஸில் ழான் ஸ்டெர்ன் 1957இல் நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார். உறவுக்கார மருந்தான ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி உயிர்களைப் பறித்து 1970களில் பல நாடுகளில் விலக்கப்பட்டதால், அமெரிக்கா மெட்ஃபார்மினை 1994 வரை அனுமதிக்கவில்லை. மூலிகையில் பக்கவிளைவே கிடையாது என்று சொல்கிறவர்கள் காலேகாவை நினைத்துப் பார்க்கலாம். பக்கவிளைவு குறைந்தது செடியை விட்டு விலகிய பிறகுதான்.

இந்த வரிசையில் அடுத்து நிற்பது பெர்பெரின். மரமஞ்சள் தண்டை மஞ்சளாக்குவது இதுதான். சமையல் மஞ்சளிலோ கஸ்தூரி மஞ்சளிலோ இது கிடையாது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஷாங்காயில் 2008இல் வெளியான சிறிய ஆய்வில், புதிதாக நோய் கண்ட 36 பேரில் 500 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை பெர்பெரின் எடுத்தவர்களின் ஹெச்பிஏ1சி மூன்று மாதத்தில் 9.5இலிருந்து 7.5க்கு வந்தது, மெட்ஃபார்மின் குழுவும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆச்சரியம் என்னவென்றால், வாய்வழி எடுக்கும் பெர்பெரினில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்துக்குள் போகிறது. குடலிலும் குடல் பாக்டீரியாக்களிடமும் அது செய்கிற வேலைக்கு இதில் பெரிய பங்கு இருக்கலாம். மூன்றில் ஒருவருக்கு மேல் வயிற்றுக் கோளாறு வந்ததும் அதே குடல் சமாச்சாரம்.

மரமஞ்சள் பொடியால் இதை எட்ட முடியுமா? தண்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு பெர்பெரின் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளுக்கு 75 கிராம் கட்டையைத் தின்ன வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் அருகிவரும் கொடி அது; வெட்டினால் மீண்டு வளரப் பல ஆண்டுகள். சுத்திகரித்த பெர்பெரின் கேப்சூலை வாங்குகிறவர் அதை மருந்தாகவே நடத்த வேண்டும்: கல்லீரலில் பல மருந்துகளை உடைக்கும் நொதிகளை அது தடுக்கும், உறுப்பு மாற்று செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் அளவை ஏற்றிவிடும், கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தொடவே கூடாது, பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கும் அபாயம் உண்டு.

சிறுகுறிஞ்சானை எங்கே வைப்பது என்பது சிக்கலான கேள்வி. இலையை ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் போல இருக்கும்; அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இனிப்பே தெரியாது. காரணமான ஜிம்னீமிக் அமிலத்தை 1887இல் விவரித்தவர் டேவிட் ஹூப்பர், உதகமண்டலத்தில் சென்னை மாகாண அரசின் சிங்கோனா வேதியியலராக இருந்தவர். நாக்கின் இனிப்பு ஏற்பியில் அது ஒட்டிக்கொள்கிறது. சாப்பாட்டுக்குப் பின் இனிப்புக்கு ஏங்குகிறவருக்கு இதுவே போதுமான உபயோகம். ரத்தம் வரை போகத் தேவையில்லை.

கணையத்தைச் சீர்செய்யும் என்ற பேச்சு வேறு. 1990இல் சென்னையில் சண்முகசுந்தரம் குழு, ஜிஎஸ்4 என்ற இலைச் சாரத்தை நாளைக்கு 400 மி.கி. கொடுத்தது. இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேரில் 5 பேர் ஒன்றரை ஆண்டு வாக்கில் மாத்திரையை நிறுத்த முடிந்தது என்றும், உடம்பில் இன்சுலினே சுரக்காத முதல் வகையினர் 27 பேருக்கு இன்சுலின் தேவை குறைந்தது என்றும் எழுதினார்கள். அப்போதிருந்து இதை மேற்கோள் காட்டாத மூலிகை விளம்பரம் கிடையாது. ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று மறைத்து நடத்திய சோதனை அல்ல அது. மருந்தையும் கண்காணிப்பையும் உணவுக் கட்டுப்பாட்டையும் ஒரே சமயத்தில் பெற்றவர்களில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகளில் பெரிய, ஒழுங்கான சோதனை வராமல் போனது நம் ஊர் ஆய்வு உலகத்தின் வெட்கக்கேடு.

ஒரு நடைமுறைப் பயன் உண்டு. கடையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடி உண்மையானதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. அரை ஸ்பூன் பொடியை ஒரு நிமிடம் நாக்கில் புரட்டி, வாய் கொப்பளித்து, சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள். இனிப்புத் தெரிந்தால் அது வேறு இலை அல்லது சத்துப்போன பழைய பொடி. கலவைப் பொடியில் இந்தச் சோதனை தோற்றால், உறையில் முதலில் எழுதியிருக்கும் சிறுகுறிஞ்சான் உள்ளே பெயருக்குத்தான் இருக்கிறது.

பாகற்காயின் பெருமைக்குப் பாதி காரணம் பாலிபெப்டைட்-பி என்ற புரதம், 'செடி இன்சுலின்' என்ற பட்டத்தோடு. புரதம் என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது: இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்க முடியாதோ, அதே காரணத்தால் இதையும் முடியாது, இரைப்பையிலேயே செரித்துவிடும். கசப்புக்குக் காரணமான குகுர்பிட்டேன் வகைப் பொருள்கள் செல்லுக்குள் வேலை செய்வதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. மனிதரிடம் கிடைத்தது சொற்பம். தாய்லாந்தில் 2011இல் வெளியான சோதனையில் தினம் 2 கிராம் பாகல் கேப்சூல் லேசான குறைவைத் தந்தது, 1 கிராம் மெட்ஃபார்மினை எட்டவில்லை. கறியாகச் சாப்பிடுங்கள், நல்ல காய். தினமும் காலையில் கால் லிட்டர் சாறு குடிப்பது வேறு விஷயம்: விதையில் வைசின் இருக்கிறது, ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த அணுக்களை உடைக்கும். வெல்லம் தாராளமாகப் போட்ட பாகற்காய் பிட்லையைச் சர்க்கரைக்கு நல்லது என்று பரிமாறுவதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

மசாலாவுக்குப் போடும் பட்டையில் இனம்தான் பிரச்சினை. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கெட்டியான, ஒற்றை மடிப்புப் பட்டை காசியா. அதில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3 மி.கி. கூமரின் என்ற, கல்லீரலைக் கெடுக்கக்கூடிய பொருள் இருக்கலாம். கல்லீரலுக்குப் பாதுகாப்பான வரம்பாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருப்பது உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி.; 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மி.கி., அதாவது தினம் 2 கிராம் பட்டையிலேயே வரம்பு தொட்டுவிடும். விளம்பரங்கள் சொல்லும் அளவு அதைத் தாண்டும். மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டு, விரலில் நொறுங்கும் இலங்கைக் கருவாப்பட்டையில் கூமரின் மிகக் குறைவு. ஆனால் சர்க்கரை குறைந்தது என்று 2003இல் பரபரப்பான பாகிஸ்தான் ஆய்வு செய்யப்பட்டது காசியாவில். அடுத்து வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன.

நாவலைப் பொறுத்தவரை, இலை டீயை பிரேசிலில் யாருக்கு எது என்று மறைத்து நடத்திய சோதனையில் வைத்துப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. கொட்டைக்கு அந்த அளவுக்குக்கூடச் சோதனை நடக்கவில்லை. வேங்கைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே 1998இல் 97 பேரிடம் சோதனை நடத்தி, 12 வாரத்தில் 69 சதவீதத்தினருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்றது. ஒப்பிட இன்னொரு குழு இல்லை; புதிதாக நோய் கண்டவர்கள் உணவைத் திருத்தினாலே பலருக்கு இறங்கும். வேங்கைக் கட்டையில் கடைந்த குவளையில் ஊறும் தண்ணீரில் அதன் பெயர்பெற்ற டீரோஸ்டில்பீன் என்ற பொருள் எளிதில் கரையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீந்திலைத் தொடர்ந்து எடுத்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021 முதல் மும்பை மருத்துவர்கள் எழுதிவருகிறார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. ஏற்கெனவே கல்லீரல் அல்லது தைராய்டு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

பொடி சாப்பிட்ட நாலாம் நாளே சர்க்கரை 250இலிருந்து 110க்கு விழுந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். மேலே சொன்ன எந்தச் செடியும் அந்த வேகத்தில் வேலை செய்யாது. உள்ளே கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையை அரைத்துக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். 2008இல் சிங்கப்பூரில், ஆண்மைக்கு என்று விற்ற பொருள்களில் கிளிபென்கிளமைடு கலந்திருந்ததால் சர்க்கரை நோயே இல்லாத பலர் லோ சுகராகி மருத்துவமனைக்கு வந்தார்கள். நாலு பேர் இறந்தார்கள்.

உங்களுக்கு வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம், ஆனால் குளுக்கோமீட்டரின் எல்லை தெரிந்திருக்க வேண்டும். சர்வதேசத் தரப்படி 100க்கு மேல் உள்ள அளவுகளில் மீட்டர் 15 சதவீதம் வரை தள்ளிக் காட்டலாம். உண்மையில் 150 இருந்தால் 128ம் வரும், 172ம் வரும். ஒரு நாள் 10 குறைந்தது என்பதற்கு அர்த்தமே இல்லை. ஆறு நாள் ஒதுக்குங்கள். ஆறு நாளும் ஒரே காலை உணவு, எண்ணிக்கையும் சட்னியும்கூட மாறாமல். ஒரு நாள் வெந்தயத்தோடு, அடுத்த நாள் இல்லாமல் என்று மாற்றி மாற்றி. சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை. கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும்; பழம் உரித்த விரலில் 30, 40 கூடக் காட்டும். மாத்திரைகளை வழக்கப்படி எடுக்க வேண்டும், நடைப்பயிற்சியும் அதே அளவு. இரண்டு மணி நேர அளவிலிருந்து முன் அளவைக் கழித்தால் வருவது ஏற்றம்; வெந்தயம் எடுத்த மூன்று நாள் ஏற்றத்தின் சராசரியை மற்ற மூன்று நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். 30க்கு மேல் வித்தியாசம் வந்தால் தொடரலாம். ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் ஆவதற்குள் மறுபடி பார்ப்பது காசுக்குக் கேடு, சிவப்பணுவின் ஆயுளே 120 நாள்.

குடலில் வேலை செய்பவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தும். பல வாரம் கழித்துப் பலன் தரும் என்று சொல்லப்படுபவற்றுக்குப் பொருந்தாது. முதல் வகை நோயாளிகள் எந்தப் பொடிக்காகவும் இன்சுலினை ஒரு வேளைகூட விடக்கூடாது. ஓரிரு நாளில் கீட்டோன் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் புதிதாக எதைச் சேர்த்தாலும் முதல் இரண்டு வாரம் கூடுதலாக ரத்தம் பார்க்க வேண்டும், டாக்டரிடம் பொடியின் பெயரைச் சொல்ல வேண்டும், பாக்கெட்டையே எடுத்துப்போய்க் காட்டினால் இன்னும் நல்லது. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன் எல்லாப் பொடியையும் நிறுத்திவிட வேண்டும்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி வியர்த்துக் கை நடுங்கினால் வழக்கமாக வாயில் போடுவது ஒரு ஸ்பூன் சீனி அல்லது ஒரு மிட்டாய். மல்பெரி, கடலழிஞ்சில், வோக்லிபோஸ் எடுத்திருப்பவருக்கு அது உடனே உதவாது. சீனியை உடைக்க வேண்டிய நொதியைத்தான் அவை அடைத்து வைத்திருக்கின்றன. அவர்கள் வீட்டிலும் பையிலும் மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரே இருக்க வேண்டும்: மூன்று டீஸ்பூன், சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, 70ஐத் தாண்டவில்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.